பார்னெனெஸ் ஈமக் கற்குவை: அழிவும் காப்பும்

பிரான்சு நாட்டின் வடமேற்கு மூலையில், ஆங்கிலக் கால்வாய்க்கும் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடப்பது பிறிற்றனிக் குடாநாடு. அதன் வடகரையில் மோர்லே என்னும் நகரை அடுத்த குடாவினுள் கேர்னெலெயன் என்றொரு நிலமுனை துருத்திக்கொண்டிருக்கின்றது. அந்நிலமுனையின் உயர்ந்த பகுதியில், ஒன்றுக்கொன்று அண்மையாக, பற்றையும் புல்லும் மூடிய இரு கற்குவியல்கள் இருந்தன. 1950களின் நடுப்பகுதியில், வீதியமைப்பிற்கு வேண்டிய கல்லைப் பெறும்பொருட்டு ஓர் ஒப்பந்தகாரர் அவற்றை அகழத் தொடங்கினார். வடபுறத்திருந்த சிறிய குவியல் முதலில் அள்ளப்பட்டது. அதன்பின் பெரியதன் முறை வந்தது. வடபக்கத்திலிருந்து அதனைக் குடைந்து சென்றபோது கற்களின் நடுவே வெற்றிடம் ஒன்று வாய்திறந்தது, பின்னர் மற்றொன்று, இவ்வாறு நான்கு அறைகள் பிளவுண்டு வெளிப்பட்டன. செய்தி பரவிற்று. 1955ஆம் ஆண்டிற் பணி நிறுத்தப்பட்டது. கல்லுடைப்போர் தம்மை அறியாமலே பிளந்தது, ஐரோப்பாவில் இன்றும் நிலைத்து நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையனவற்றைச் சேர்ந்த ஓர் ஈமச்சின்னமாகும். அது பார்னெனெஸ் கற்குவை என வழங்கப்படுகின்றது.

அழிக்க வந்த கையே அதனை உலகுக்கு அறிவித்தது என இதனை வியந்து கூறுவோருளர். ஆனால் வரலாற்று மாணவனுக்கு இவ்வியப்பிலும் முக்கியமான வினா வேறொன்றுண்டு. பார்னெனெஸ் 1955இலே திடீரெனக் கண்டுபிடிக்கப்பட்டதொன்றன்று. நெப்போலியன் காலத்து நில அளவைப் படமொன்றிலே, 1807ஆம் ஆண்டளவில், அது குறிக்கப்பட்டது. 1850இல் மோர்லே நகரிற் கூடிய அறிஞர் மாநாடொன்று அதனைப் பண்டைய ஈமமேடு என இனங்கண்டது. அதாவது, கல்லுடைப்போர் அங்கு சென்றடைவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே அது யாதென்பதைக் கற்றறிந்தோர் அறிந்திருந்தனர். அறிந்தும் அது தனியார் நிலத்திற் கிடந்த கல்லாகவே எஞ்சியது.

பாதுகாப்புச் சட்டங்கள் இல்லாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று கூறுவதற்கும் இடமில்லை. நினைவுச்சின்னங்களை அரசு பொறுப்பேற்றுக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் முளைவிட்ட நாடுகளுட் பிரான்சு முன்னணியிலிருந்தது. நாவலாசிரியராகப் பெயர்பெற்ற புறொஸ்பர் மெரிமே, வரலாற்றுச் சின்னங்களின் தலைமைப் பரிசோதகர் என்னும் பதவியில் 1835ஆம் ஆண்டிற் பிறிற்றனியைச் சுற்றிப் பார்த்து, கார்னாக் முதலிய இடங்களிலுள்ள கல்வரிசைகளைப் பற்றி எழுதினார். 1887இலும் 1913இலும் வரலாற்றுச் சின்னங்களுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. 1941ஆம் ஆண்டுச் சட்டம் அகழ்வாய்வுகளை அனுமதிக்கு உட்படுத்தியதோடு, தற்செயலாக வெளிப்படும் தொல்பொருள்களை அறிவிக்கவேண்டிய கடப்பாட்டையும் விதித்தது. கார்னாக்கின் நெடுங்கற்கள் இக்காலகட்டத்திற் படிப்படியாக அரசின் உடைமையாயின. அவை நிமிர்ந்து நின்றன. ஓவியர்களையும் கவிஞர்களையும் கவர்ந்தன. பார்னெனெசோ கிடந்தது. அதற்கெனக் காணத்தக்க வடிவமில்லை. சட்டம் காக்க முன்வந்தது, கண்ணுக்குச் சின்னமாகத் தோன்றியதை மட்டுமே.

இவ்விடத்திற் கற்குவை என்பதன் தன்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இறந்தோருக்குரிய அறையொன்றை அல்லது பல அறைகளைக் கல்லால் அமைத்து, அவற்றின்மேலும் சுற்றிலும் கற்களைக் குவித்து மூடும் மரபு உலகின் பல பாகங்களிற் காணப்படுவது. பாலை நிலத்து வழிகளில் மாண்டோர்மீது கற்குவிக்கப்பட்டதைச் சங்கச் செய்யுள்கள் பதுக்கை என்னுஞ் சொல்லாற் குறிக்கின்றன. ஆயின் பார்னெனெஸ் போன்ற சின்னங்களிற் குவிக்கப்பட்ட கல்லே கட்டடத்தின் பெரும்பகுதியாகும். அறை அதன் வயிறு. மேலுள்ள கல்லை எடுத்துச் செல்பவன் வெறும் மூடியைத்தானே எடுத்தேன் எனக் கூறமுடியாது.

பெருங்கற் சின்னங்கள் பற்றிய கலைச்சொற்களின் வரலாறும் இவ்வுண்மையை மறைத்துவிட்டது. டொல்மென், மென்ஹிர் என்று தொல்லியல் நூல்களிற் பயிலும் சொற்கள் பிறிற்றன் மொழிக்குரியவை. முன்னையது மேசை, கல் என்னும் பொருள்தரும் சொற்களின் சேர்க்கை. பின்னையது நெடுங்கல் எனப் பொருள்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் வெட்டவெளியில் தாங்குகற்களின்மேல் மூடுகல் கிடந்த அமைப்பைக் கண்டு அதனையே முழுமையான சின்னமாகக் கொண்டனர். கெல்ற்றியப் பூசாரிகளின் பலிபீடம் என்றுங் கதை கட்டினர். பிற்கால ஆய்வுகளின்படி அவ்வாறு நிற்பனவற்றுட் பல, மேலிருந்த மண்ணும் கல்லும் பறிபோனபின் எஞ்சிய எலும்புக்கூடுகளே. சுற்றியிருந்த கல் வயல் வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் சென்றுவிட்டது. ஆகவே பெருங்கற்காலத்தின் அடையாளமாகப் படநூல்களில் இடம்பெற்ற கல்மேசையின் தோற்றத்திற் கல் திருடியோரின் பங்கும் உண்டு.

இச்சொற்கள் பிரித்தானிய அலுவலரோடு இந்தியாவிற்கும் வந்து சேர்ந்தன. தக்கணத்தின் ஷோராப்பூர்ப் பகுதியிற் பணியாற்றிய மெடோஸ் ரெயிலர் 1850களில் அங்கிருந்த கற்குவைகளையும் கல்லறைகளையும் அகழ்ந்து பார்த்து, அவற்றைக் கெல்ற்றியச் சின்னங்களுடனும் சித்தியச் சின்னங்களுடனும் சேர்த்து எண்ணினார். பெருங்கற் பண்பாடு என்னும் பெயர் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியதானது இத்தொடர்பாலாகும். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பின் தாழிகளும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையிற் கண்ட ஈமப் புதைகுழியும் பெருங்கல் எதுவுமின்றியே அப்பெயரால் அழைக்கப்படுவது இதன் விளைவு. பெயரொற்றுமை கொண்டு உறவு கற்பித்தல் தவறு. தென்னாசியாவின் இச்சின்னங்கள் பெரும்பாலும் இரும்பின் பயன்பாட்டோடு இணைந்தவை. பார்னெனெசை எழுப்பியோருக்கு எந்த உலோகமும் தெரியாது. இரண்டுக்குமிடையே மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி உண்டு.

பணி நிறுத்தப்பட்டதும் அங்கு அகழ்வாய்வை மேற்கொண்டவர் றென் நகரிலிருந்து பிறிற்றனியின் தொல்வரலாற்றாய்வை வழிநடத்திய பியர் றோலன் ஜியோ என்பவர். 1919இற் பிறந்து 2002இல் மறைந்த இவர், உடலமைப்பு மானிடவியலிலும் பயிற்சி பெற்றவர். 1955இலிருந்து 1968 வரை பார்னெனெசில் அகழ்வும் சீரமைப்பும் அவர் பொறுப்பில் நடந்தன. 1956இற் கற்குவை வரலாற்றுச் சின்னமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. நூறாண்டு காத்திருந்த பட்டியல், உடைப்புத் தொடங்கியபின் ஓராண்டளவில் வந்து சேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

அகழ்வு வெளிப்படுத்திய அமைப்பு வருமாறு. கற்குவை எழுபது மீற்றருக்கு மேற்பட்ட நீளமும், இருபது முதல் இருபத்தைந்து மீற்றர் வரையான அகலமும், எட்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் உடையது. அதிலுள்ள கல்லின் நிறை 13,000 தொன் முதல் 14,000 தொன் வரையெனக் கணிக்கப்படுகின்றது. அதனுள் பதினொரு கல்லறைகள் ஒன்றன்பக்கத்தொன்றாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் தென்புறத்தே ஒரு வாயிலும், வாயிலிலிருந்து உட்செல்லும் ஒடுங்கிய நீண்ட இடைகழியும், அதன் முடிவில் ஓர் அறையும் உள. அறைகளுக்கிடையே உள்வழித் தொடர்பில்லை. பதினொரு வாயில்களும் பதினொரு தனி வழிகள்.

இப்பெருங்குவை ஒரே காலத்தில் எழுந்ததன்று. கிழக்கிலுள்ள ஐந்து கல்லறைகளைக் கொண்ட பகுதி முன்னையது. நிலமுனையிலேயே கிடைக்கும் கரும்பச்சை நிறமான டொலரைற்று வகைக் கல் அதிற் பெரும்பான்மை. சில தலைமுறைகளின் பின், மேற்கே ஆறு கல்லறைகளுடன் இரண்டாம் பகுதி ஒட்டிக் கட்டப்பட்டது. அதிற் பயின்றுவருவது வெளிறிய கருங்கல். அருகிலுள்ள ஸ்ரெறெக் என்னுந் தீவிலிருந்து கொணரப்பட்டது. கடல்மட்டம் இன்றிலும் தாழ்ந்திருந்த அக்காலத்தில் இன்றைய குடாவின் பெரும்பாகம் நிலமாயிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இருவகைக் கல்லின் நிறவேறுபாட்டால், கட்டடம் வளர்ந்த வரலாற்றைத் தொலைவில் நின்றே வாசிக்கலாம். முதற் பகுதி கி.மு. ஐந்தாம் ஆயிரமாண்டின் முற்பாதியையும், இரண்டாவது அதன் பிற்பாதியையும் சார்ந்தவை என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் முடிவு.

சாந்தின்றி அடுக்கப்பட்ட இக்கட்டுமானத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. அறைகள் பலவற்றின் கூரை, ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசைக்குச் சற்று உள்நோக்கி நீட்டி வைத்து, மேலே செல்லச்செல்ல வட்டம் ஒடுங்குமாறு அடுக்கியதாகும். இறுதியில் எஞ்சும் துவாரத்தை ஒரு கல் மூடும். இத்தகைய கூரை தன்னளவில் நிற்காது. நீட்டிய ஒவ்வொரு கல்லின் வாலையும் பின்னாலிருந்து அழுத்துவதற்குப் பெருநிறை வேண்டும். அந்நிறையைத் தருவது சுற்றியுள்ள குவியலே. அக்குவியல் சரிந்து பரவாதிருக்கும்பொருட்டு அதனுள்ளும் புறமும் தாங்குசுவர்கள் படிகளாக எழுப்பப்பட்டுள்ளன. எனவே வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஒழுங்கற்ற கற்குவியலாகத் தோன்றியது, உள்ளே ஒவ்வொரு கல்லும் தன் பொறுப்பை உடைய கட்டடமாக இருந்தது. அதன் கட்டுக்கோப்பு அறையின் குறுக்குவெட்டாகக் கண்ணுக்குப் புலனானது, உடைப்பினால் ஏற்பட்ட காயத்தின் வழியாகத்தான்.

அறைகளிலும் இடைகழிகளிலும் சில கற்களிலே செதுக்குருக்கள் உள. வில், கைப்பிடியுடன் கூடிய கோடரி, நெளிகோடு, கொம்பு போன்று வளைந்த குறி என்பன அவற்றுட் சில. முதற் பகுதியின் ஓரறையில் இவை செறிந்து காணப்படுகின்றன. இவற்றின் பொருள் பற்றிப் பல கருத்துகள் வெளிவந்துள்ளன. எதையும் முடிந்த முடிபாகக் கொள்ளமுடியாது. ஆயின் ஒரு செய்தி ஐயத்துக்கிடமற்றது. செதுக்குருவுடைய கல்லொன்று உடைக்கப்பட்டு, அதன் துண்டுகள் கட்டடத்தின் வெவ்வேறிடங்களில் வைத்துக் கட்டப்பட்டுள்ளன. தென்பிறிற்றனியிலுள்ள கவ்றினி என்னும் கல்லறையின் மூடுகல்லும், சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மற்றொரு கல்லறையின் மூடுகல்லும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகளென 1980களிற் கண்டறியப்பட்டதும் இத்தகையதே. பழைய சின்னத்தை உடைத்துப் புதியது கட்டும் வழக்கம் புதிய கற்காலத்தாருக்கும் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். அவ்வாறாயின் 1955இல் நடந்ததற்கும் அதற்கும் வேறுபாடென்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். வினா அற்பமானதன்று. புதிய கற்காலத்தார் அக்கல்லை இன்னதென்று அறிந்து, தம் வழிபாட்டுக்குரிய இடத்திலே மீள வைத்தனர் எனக் கருத இடமுண்டு. வீதிக்குக் கல்லெடுத்தவருக்கு அது கனவளவில் அளக்கப்படும் பொருள் மட்டுமே.

பார்னெனெசில் அடக்கம் செய்யப்பட்டோரின் எலும்புகள் எஞ்சவில்லை. பிறிற்றனியின் மண் அமிலத்தன்மை மிகுந்தது. எலும்பை அது கரைத்துவிடும். மட்பாண்டத் துண்டுகள், மெருகிட்ட கற்கோடரிகள், தீக்கல் அலகுகள், அம்புமுனைகள் என்பன கிடைத்தன. பிற்காலத்தே கல்லறைகளிற் சில மீண்டும் பயன்பட்டமைக்குச் சான்றாகச் செப்புக் குத்துவாளொன்றும் பெறப்பட்டது. ஓர் எகிப்திய மன்னனின் கல்லறையோடு ஒப்பிட்டால் இது வறிய அறுவடையே. இதனாலேயே பார்னெனெசிற் கட்டடத்தின் முக்கியத்துவம் உயர்கின்றது. இறந்தோரின் உடல் போயிற்று, அவர்தம் பெயரும் மொழியும் போயின. அச்சமுதாயம் எவ்வாறு உழைப்பைத் திரட்டியது, எவ்வாறு திட்டமிட்டது, முன்னோர் கட்டியதோடு பின்னோர் எவ்வாறு தம்மை இணைத்துக்கொண்டனர் என்பனவெல்லாம் கல் வைக்கப்பட்ட முறையிலேயே பதிந்துள்ளன. பொருளை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச்சென்று இடத்தைக் கைவிடலாம் என்னும் வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது.

இக்கற்குவையின் காலம் பற்றிய விவாதம் தொல்லியல் வரலாற்றில் ஒரு திருப்புமுனையோடு பிணைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஐரோப்பாவின் தொல்வரலாற்றைக் கிழக்கிலிருந்து மேற்கே பரவிய ஒளியாகக் காண்பதே பொதுவழக்காயிருந்தது. சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் மொன்ரேலியஸ், அவருக்குப் பின் கோடன் சைல்ட் முதலிய பேரறிஞர் இக்கொள்கையை வளர்த்தனர். உள்நோக்கி அடுக்கிய கூரையுடைய கல்லறை கிரேக்கத்து மைசீனியிலும் உண்டு, பிறிற்றனியிலும் உண்டு. நாகரிகம் முதிர்ந்த இடத்திலிருந்தே நுட்பம் புறப்பட்டிருக்கவேண்டும்; மேற்குக் கரையின் உழவர் அதனைக் கேட்டறிந்து முரட்டுத்தனமாகப் பின்பற்றியிருக்கவேண்டும். இந்த வாதத்தில் அளவையியற் குறையொன்றும் வெளிப்படையாகத் தெரியவில்லை. காலத்தைத் தனியே அளக்கும் கருவி எவரிடமும் இல்லாதவரை அது அசைக்கமுடியாததாகவே இருந்தது.

அக்கருவி 1949இற் கிடைத்தது. வில்லாட் லிபி வகுத்த கதிரியக்கக் காபன் முறை, கரித்துண்டொன்றின் வயதை அதன் உள்ளிருந்தே கூறவைத்தது. 1950களின் இறுதியிலிருந்து பிறிற்றனியின் இடைகழிக் கல்லறைகளிலிருந்து பெறப்பட்ட கரியின் திகதிகள் வெளிவரத் தொடங்கியபோது, அவை எவரும் எதிர்பாராத அளவு முற்பட்டவையாயிருந்தன. அவற்றை நம்ப மறுத்தோர் பலர். கரி பழைய மரத்தினுடையதாயிருக்கலாம் என்றனர். முறையே பிழை என்றனர். ஆனால் 1967இல் ஹான்ஸ் சூஸ் என்பவர், கலிபோனியாவின் மிக நீண்டகாலம் வாழும் ஊசியிலை மரங்களின் ஆண்டுவளையங்களைக் கொண்டு காபன் திகதிகளைத் திருத்தும் அட்டவணையை வெளியிட்டார். அத்திருத்தம் மேற்கைரோப்பியத் திகதிகளை மேலும் பல நூற்றாண்டுகள் முன்னே தள்ளிற்று. பார்னெனெசின் முதற் பகுதி எகிப்தின் பெரும் பிரமிட்டிற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டும், மைசீனியின் கல்லறைகளுக்கு மூவாயிரம் ஆண்டும் முந்தியது. மகனென்று கருதப்பட்டவன் பாட்டனாயினான். 1973இல் வெளிவந்த கொலின் றென்பிறூவின் நூல் இம்மாற்றத்தைப் பொதுவாசகர்க்கு எடுத்துரைத்தது. அதன்பின் மேற்குக் கரையின் உழவர் சமுதாயங்கள் தாமாகவே இக்கட்டடக்கலையை உருவாக்கின என்னும் கருத்து வேரூன்றியது.

இங்கு ஆண்டுகளை ஒப்புநோக்கல் வேண்டும். கற்குவை உடைக்கப்பட்டபோது லிபியின் முறை பிறந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. திருத்த அட்டவணை வெளிவர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. 1955இல் அங்கு நின்று, இக்குவியலால் வரலாற்றுக்கு ஆகப்போவது யாது என ஒப்பந்தகாரர் கேட்டிருந்தால், எந்த அறிஞராலும் சரியான மறுமொழி கூறியிருக்கவியலாது. ஆறாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என ஒருவர் கூறியிருந்தால் சக அறிஞரே நகைத்திருப்பர். தொல்லியற் சின்னம் ஒன்றின் பெறுமதியை முதலிற் காட்டு, பின்னர் காக்கின்றேன் என்போரின் நியாயம் தகர்வது இங்கேதான்.

மேலும் ஓர் எடுத்துக்காட்டு. அகழ்வு முடிந்து நாற்பது ஆண்டுகளின் பின், ஸ்பானிய பிரெஞ்சு ஆய்வாளர் குழுவொன்று பார்னெனெசின் கற்களைப் புதிய ஒளிப்பட முறைகளாலும் வேதியியற் பகுப்பாய்வாலும் பரிசோதித்தது. செதுக்குருக்களுக்கே பெயர்பெற்ற அக்கற்களில், சிவப்பும் கறுப்புமான வண்ணப் பூச்சின் எச்சங்கள் இருப்பதை அது 2012இல் வெளியிட்டது. பிறிற்றனியின் கல்லறைகளில் ஓவியம் இல்லையென்பது அதுவரை பாடநூற் கருத்து. ஜியோவும் அவர்தம் உதவியாளரும் திறமையற்றோரல்லர். அவர்கள் காலத்திற் கண்ணுக்கு அது தெரியவில்லை. கல் தன்னிடத்தில் இருந்ததனால், காணும் முறை வளர்ந்தபோது காணமுடிந்தது. உடைந்து திறந்து மழைக்கும் வெயிலுக்கும் ஆட்பட்ட அறைகளில் இத்தகைய பூச்சு நிலைத்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

காத்தல் என்பது எவ்வாறு காப்பது என்னும் வினாவையும் உடன்கொண்டு வருகின்றது. சாந்தில்லாக் கட்டடம் பிளக்கப்பட்டால் எஞ்சியதும் நாளடைவிற் சரியும். ஆகவே ஜியோ தாங்குசுவர்களைத் தேடிக் கண்டு, விழுந்த இடங்களில் மீள அடுக்குவித்தார். இன்று தென்புறத்தே படிப்படியாக உயர்ந்து தோன்றும் கம்பீரமான முகப்பு, பண்டையோர் கைவேலையோடு இருபதாம் நூற்றாண்டுக் கைவேலையும் கலந்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்கவேண்டும் என்னும் விதியை வகுத்த வெனிஸ் சாசனம் 1964இல், அதாவது பணி நடந்துகொண்டிருக்கையிலேயே வெளிவந்தது. பார்னெனெசின் மீளமைப்பு அவ்விதியின் எல்லையை எங்கேனும் மீறியதா என்பது விவாதத்துக்குரியது. அயர்லாந்தின் நியூகிறேஞ் கற்குவையில், 1962இல் தொடங்கிய அகழ்வின் பின் வெண்பளிங்குக் கற்களைக் கொண்டு செங்குத்தான முகப்பொன்று கொங்கிறீற்றுச் சுவரின் துணையுடன் எழுப்பப்பட்டது. அதன் மீதெழுந்த கண்டனம் இன்னும் ஓயவில்லை. அதனோடு நோக்கும்போது பார்னெனெசின் பணி அடக்கமானது எனலாம்.

அப்பணியிலே மிகச் சிறந்த தீர்மானம், செய்யாது விட்ட ஒன்று. வடபுறத்திற் கல்லுடைப்பு ஏற்படுத்திய வெட்டு மூடப்படவில்லை. பிளந்த அறைகள் பிளந்தபடியே நிறுத்தப்பட்டன. அங்கு செல்பவர் தென்புறத்தே பண்டையோரின் கட்டடத்தையும், வடபுறத்தே அதன் உள்ளமைப்பையும், அதனுடன் 1955ஆம் ஆண்டையும் காண்கின்றனர். முழுமையாக மூடி அழகுபடுத்தியிருந்தால் அழிவின் வரலாறு அழிந்திருக்கும். அவ்வழிவும் இச்சின்னத்தின் வரலாற்றில் ஓர் அதிகாரம் என்பதை ஏற்கும் மனப்பக்குவம் எல்லாச் சீரமைப்பாளரிடமும் காணப்படுவதில்லை.

பிரான்சின் பண்பாட்டு அமைச்சராயிருந்த அன்ட்றே மல்றோ இதனை வரலாற்றுக்கு முந்திய பார்த்தினன் என்று புகழ்ந்ததாக வழங்கப்படுகின்றது. புகழ்ச்சியின் நோக்கம் நன்றே. ஆயினும் பார்த்தினன் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்குரியது, பார்னெனெஸ் அதற்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு முந்தியது. மூத்ததன் பெருமையை இளையதன் பெயராற் கூறவேண்டியிருப்பது, கிரேக்கத்தையே அளவுகோலாகக் கொண்ட பழைய பழக்கம் எளிதில் விடாது என்பதையே காட்டுகின்றது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, கார்னாக்கும் மோர்பியான் கரைகளும் சார்ந்த பெருங்கற் சின்னங்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. வடகரையிலுள்ள பார்னெனெஸ் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றது. தேசிய நினைவுச்சின்னங்களைப் பேணும் பிரெஞ்சு அரச நிறுவனத்தின் பொறுப்பில் அது பாதுகாப்பாகவே உள்ளதெனினும், நிமிர்ந்து நிற்கும் கல்லே முதலில் நினைக்கப்படும் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரிசை இன்னும் மாறிவிடவில்லை எனத் தோன்றுகின்றது.

ஒப்பந்தகாரரைக் கொடியவராகத் தீட்டுவதால் விளக்கம் ஏதும் கிடையாது. போரினாற் சிதைந்த நகர்களையும் வீதிகளையும் மீளக் கட்டிக்கொண்டிருந்த பிரதேசம் அது. கல் தேவைப்பட்டது. பல தலைமுறை உழவர் கற்குவைகளிலிருந்து வண்டியில் எடுத்துச் சென்றதையே அவர் பெருமளவில் எடுத்தார். வேறுபாடு வேகத்தில் இருந்தது. உழவன் நூறாண்டில் அழிக்கக்கூடியதை அக்காலத்து இயந்திரம் சில வாரங்களில் அழிக்க வல்லதாயிருந்தது. 1850இன் மாநாட்டு அறிக்கையோ 1913இன் சட்டமோ அவ்வேகத்தோடு ஈடுகொடுக்கவில்லை.

நான்கு அறைகளைப் பிளந்தபின் பெரிய கற்குவையைக் காப்பாற்றியது, அவை அறைகளாக இருந்தமையே. வெற்றிடம் வெளிப்பட்டதும் அது கல்லறை என எவருக்கும் விளங்கிற்று. அதற்குமுன் அள்ளப்பட்ட வடபுறத்துச் சிறு குவையின்பொருட்டு எவரும் உரிய வேளையிற் குரலெழுப்பவில்லை. கரித்துண்டைத் தேடிக் காலம் கணிக்கவோ, கல்லின் மேற்பரப்பில் வண்ணம் தேடவோ அதன் அறைகள் இன்றில்லை. அது பெரியதற்கு முந்தியதா பிந்தியதா, இரண்டையும் கட்டியோர் ஒரே குடியினரா என்று வினவும் ஆய்வாளருக்கு எஞ்சியிருப்பது, பெரிய குவையின் வடபுறத்தே வெறுமையாய்க் கிடக்கும் நிலம். அதன் கற்கள் மோர்லேக் குடாவைச் சுற்றிய வீதிகளின் அடியில் உள்ளன.